மீன் வாங்கும் நாட்களில் இரண்டு படி கீழே

மே 4, ஞாயிறு

ஆராதனை முடிவில் எங்கள் சபைக் குருவானவர், ஐயர், ஓர் அறிவிப்பு வாசித்தார். ஆலயப் பிரதிஷ்டையின் நூற்றைம்பதாம் ஆண்டுப் பண்டிகைக்குப் புதுக் கீர்த்தனை ஒன்று வேண்டுமாம். சபையார் யார் வேண்டுமானாலும் எழுதி, மெட்டமைத்து, பாடிப் பதிவுசெய்து, பென் டிரைவில் போட்டு, மே 25-க்குள் ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் இருக்கும் பெட்டியில் போடலாம். உறைமேல் பெயர் கூடாது. பெயரெழுதிய சீட்டைத் தனியாக ஒரு சிறு உறையிலிட்டு, ஒட்டி, உள்ளே வைக்க வேண்டும். கமிட்டி கேட்டுத் தேர்ந்தெடுத்த பிறகே அதைத் திறப்பார்கள்.

பெயர் இல்லாமல்!

கடைசி பெஞ்சில், ஓடாத மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்துவிட்டேன். மூன்று வருடமாக அதுதான் என் இடம். அதற்கு முன் பதினாறு வருடம் ஆர்கன் பெஞ்ச். கோயில்பிச்சை அண்ணாச்சியும் அவருடைய பாடகர் குழுவும் சேர்ந்து என்னை வெளியேற்றிவிட்டு, எல்லாப் பாட்டையும் தாழ்த்தி இறக்கிப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரியிலும் இதே கதைதான். எனக்குப் பின்னால் சேர்ந்தவன் இன்று இயற்பியல் துறைத் தலைவன். பாளையங்கோட்டையில் சற்குணம் என்ற என் பெயரைக் கேட்டாலே ஆட்கள் முடியாது என்றுவிடுவார்கள். பெயர் இல்லாவிட்டால்?

ஒரு மெட்டு என்னிடம் இருக்கிறது. எஃப் மேஜர். இரண்டு வருடமாக மனதுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அதைக் கோயில் முழுவதும் எழுந்து நின்று பாட வேண்டும். கோயில்பிச்சை முன்னால் நின்று கையசைக்க வேண்டும். அது போதும் எனக்கு.

மே 5, திங்கள்

கோடை விடுமுறை. மகள் ஷெரின் பூனாவுக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன கீபோர்டை அலமாரி மேலிருந்து இறக்கினேன். என் மனைவி ஜெயசீலி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

“எதுக்கு அத்தான் இதை இறக்குதீங்க?”

“தூசி தட்ட.”

நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்றில்லை. கேஸ், கரண்ட் பில், தேங்காய், எல்லாம் பேசுகிறோம்.

ஜங்ஷனில் ஒரு கடையில் வயர் வாங்கினேன். மிடி வயர். ஒரு முனை கம்ப்யூட்டருக்கு. மறுமுனையில் இரண்டு வட்டப் பிளக்குகள், ஒன்றில் ‘இன்’, மற்றதில் ‘அவுட்’ என்று அச்சிட்டிருக்கிறது. கீபோர்டின் முதுகிலும் ‘இன்’, ‘அவுட்’ என்று இரண்டு ஓட்டைகள். இன்னில் இன், அவுட்டில் அவுட். கம்ப்யூட்டர் வயரை அடையாளம் கண்டுகொண்டது, பெயர்கூடச் சொல்லிற்று. கட்டையை அழுத்தினால் திரையில் ஒன்றுமில்லை. ஒரு புள்ளிகூட இல்லை.

ஷெரினுக்கு போன் போட்டேன்.

“கழட்டி மாட்டுனீங்களாப்பா?”

“மாட்டினேன்.”

“ரீஸ்டார்ட்?”

“பண்ணினேன். நான் எம்.ஃபில். படிச்சவன்டி.”

“அதான்பா பயமா இருக்கு” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

மே 6, செவ்வாய்

ஒன்றுமில்லை. மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன். வேறு துளையில் செருகினேன். கடைக்காரனுக்கு போன் செய்தால், “வயர் ஓகே சார், உங்க சிஸ்டம்தான்” என்கிறான். எல்லாரும் ஓகே. நான்தான் சரியில்லை. கேட்டுப் பழகிய பாட்டு.

மே 7, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

மீன் மார்க்கெட்டில் சாளை எடைபோட்டுக் கொண்டிருக்கும்போது உறைத்தது. மீன்காரி ஒரு கையால் கொடுக்கிறாள், நான் ஒரு கையால் வாங்குகிறேன். கீபோர்டிலிருந்து வெளியே வருவது வயருக்குள்ளே போக வேண்டும் அல்லவா? அப்படியென்றால் கீபோர்டின் அவுட்டில் வயரின் இன் செருகப்பட வேண்டும். நான் வெளியே கொடுப்பதை வெளியே கொடுப்பதோடு முட்டவிட்டிருக்கிறேன். மீதிச் சில்லறையை வாங்காமலே வீட்டுக்கு ஓடிவந்தேன். பையை ஜெயசீலி கையில் திணித்துவிட்டு, பிளக்குகளை மாற்றிச் செருகி, ஒரு கட்டையைத் தொட்டேன்.

திரையில் பச்சையாக ஒரு சிறு கோடு எழுந்தது!

சத்தமாகக் கத்திவிட்டேன் போலிருக்கிறது. ஜெயசீலி செதில் ஒட்டிய கையோடு வந்து நின்றாள். “ஷாக் அடிச்சிட்டா?”

“இல்லை. வந்துட்டு.”

“என்னது வந்துட்டு?”

பதில் சொல்ல நேரமில்லை. பத்து விரலும் பறந்தன. இதில் ஓர் அதிசயம் இருக்கிறது. இந்த வயரில் ஒலியே போவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டோம், இந்தத் தகவல் மட்டும்தான் போகிறது. ஒலியைக் கம்ப்யூட்டர் தன்னிடமிருந்து போட்டுக்கொள்கிறது. ஒருவன் விரலை மட்டும் தெரிந்துகொண்டு அவனை அப்படியே வாசித்துக் காட்டிவிடுகிறது.

மே 8, வியாழன்

புதுத் தொல்லை: அழுத்திய பிறகு கண்ணிமைக்கும் நேரம் கழித்துத்தான் ஒலி வருகிறது. கோயில்பிச்சையின் குழு ஆமென் சொல்வதுபோல. ஒலிக்கான வேறொரு மென்பொருளை இறக்கி, ஒலியைச் சேர்த்துவைக்கும் அதன் தற்காலிகக் கிடங்கின் அளவைக் குறைத்தேன். இப்போது விரலோடு ஒலி. கீபோர்டும் கம்ப்யூட்டரும் சேர்ந்து கத்தியதால் கீபோர்டின் வால்யூமை அடியோடு குறைத்துவிட்டேன். இனி கம்ப்யூட்டர் மட்டும்தான் பேசும். முதல் இரண்டு வரி பதிவாகிவிட்டது. எவ்வளவு காலம் கழித்து இப்படி ஒரு நாள்!

மே 10, சனி

மீன் வாங்கிவந்து உட்கார்ந்தால், கம்ப்யூட்டர் இரண்டு படி கீழே வாசிக்கிறது. நான் எஃப் அழுத்தினால் ஈ ஃப்ளாட் வருகிறது. திரையிலும் அப்படியே. எனக்குக் காது உண்டு. எந்தச் சுரம் என்று பார்க்காமலே சொல்வேன். நேற்று சரியாக இருந்தது. இன்று இரண்டு படி கீழே!

மென்பொருளை மறுபடி நிறுவினேன். மாறவில்லை. மாலையில் நடக்கப் போய்விட்டு வந்து பார்த்தால் சரியாகிவிட்டது. மறுநிறுவல் மெதுவாக வேலை செய்திருக்கிறது.

மே 13, செவ்வாய்

மூன்று நாளாகக் கோளாறு இல்லை. மூன்றாம் வரி முடிந்தது. ‘விடியுமுன்னே உம் வாசலில் நின்றேன்’. ‘நின்றேன்’ என்ற இடத்தில் மேல் எஃப்புக்கு ஒரே தாவல். அந்தத் தாவலில்தான் பாட்டின் உயிரே இருக்கிறது. கதவைத் திறந்து அரைமணி நேரம் அதையே வாசித்தேன். அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. அவளுக்குத் தலைவலியாக இருக்கும்.

மே 14, புதன்

மறுபடி! இரண்டு படி கீழே! மார்க்கெட்டிலிருந்து வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்ததும் முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது.

இந்த முறை எனக்குக் கோபத்தைவிட ஆர்வம்தான். ஒலியைப் பதிக்கும் வேகமும் திரும்பப் போடும் வேகமும் வேறுபட்டால் சுருதி இறங்கும் என்பது தெரிந்த விஷயம். விநாடிக்கு நாற்பத்தெட்டாயிரம், நாற்பத்து நாலாயிரத்து நூறு. விகிதத்தைப் போட்டு லாகரிதம் எடுத்தேன். ஒன்றரைப் படிதான் இறங்குகிறது. இரண்டு இறங்காது. அப்படியானால் அது காரணமில்லை! துறைத் தலைவனாக இருப்பவனை இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இன்னொன்று. கீபோர்டின் வால்யூம் குமிழ் நான் வைத்த இடத்தில் இல்லை. சற்று ஏறியிருக்கிறது. மேலே ஓடும் மின்விசிறியின் அதிர்வில் திரும்பியிருக்க வேண்டும்.

“இந்த ரூமுக்கு யாரும் வந்தாங்களா?” என்று கேட்டேன்.

“யாரு வருவா? நான்தான் பெருக்க வந்தேன்” என்றாள் ஜெயசீலி, மீனைப் பார்த்தபடி. “இன்னைக்குச் சாளை சின்னதால்ல இருக்கு.”

மே 15, வியாழன்

காலையில் சரியாக இருக்கிறது. நான் ஒன்றுமே செய்யவில்லை. வோல்டேஜாக இருக்குமோ? புதனும் சனியும் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்குகிறதா? மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

மே 16, வெள்ளி

பாட்டு முடிந்தது. அறிவிப்பை மறுபடி வாசித்தேன். வார்த்தைகள் தெளிவாகப் பாடப்பட்டிருக்க வேண்டும் என்று இருக்கிறது. கம்ப்யூட்டர் ‘ஊ’ என்று மட்டும் பாடும். ஒரு குரல் வேண்டும்.

ஒரு குரல் இந்த வீட்டிலேயே இருக்கிறது. பாடித் தரச் சொல்லிக் கேட்க முடியாது. முதலாவது, சபையில் அந்தக் குரலைத் தெரியாதவர் கிடையாது. உறைமேல் பெயர் எழுதாமல் விட்டு என்ன பயன்? இரண்டாவது, மூன்று வருடத்துக்கு முன் நடந்த அந்தக் கூட்டம். “சார், பொம்பளையாளுக எல்லாருக்கும் வயசாயிட்டு, தொண்டை வலிக்குங்காங்க. ரெண்டு படி இறக்குவோம்” என்றார் கோயில்பிச்சை. பாமாலைப் புத்தகத்தில் அச்சடித்த சுருதியை மாற்ற நாம் யார் என்று கேட்டேன். ஆல்டோ, சோப்ரானோ, அதிர்வெண் எல்லாம் விளக்கினேன். கேட்டுவிட்டு, “இறக்கணும்ங்கறவங்க கை தூக்குங்க” என்றார்.

தூக்கிய கைகளில் ஒன்றில் நான் வாங்கிப் போட்ட வளையல் இருந்தது.

அன்றே ஆர்கன் சாவியை ஐயர் மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினேன். ஒருவர்கூடப் பின்னால் வந்து கூப்பிடவில்லை. மறுவாரம் அவள் சேலை மாற்றிக்கொண்டு பாடப் போனாள்.

மே 17, சனி

இரண்டு படி கீழே. வோல்டேஜ் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

பின்னோக்கி எண்ணிப் பார்க்கிறேன். பத்தாம் தேதி சனி, பதினாலு புதன், இன்று சனி. மீன் வாங்கிய நாட்கள். மற்ற நாளெல்லாம் சரி. மீனுக்கும் மிடிக்கும் என்ன தொடர்பு? என் கையில் ஈரமா? உப்பா? கம்ப்யூட்டருக்கு வாசனை தெரியுமா?

சிரிப்பு வருகிறது. ஆனால் மாணவனாக ஆய்வுக்கூடத்தில் நின்ற நாளுக்குப் பிறகு இவ்வளவு பரபரப்பாக நான் இருந்ததில்லை. இது ஏதோ ஒழுங்கில் நடக்கிறது. ஒழுங்காக நடக்கும் எதையும் பிடித்துவிடலாம்.

மே 18, ஞாயிறு

கோயில். வழக்கம்போல எல்லாம் தாழ்த்திப் பாடினார்கள். கோயில்பிச்சையின் மகன் கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டிச் சுருதியை இறக்கிக்கொள்கிறான். எந்தச் சுருதிக்கும் அதே கட்டைகளைத்தான் அழுத்துவான். விரலால் சுருதி மாற்றத் தெரியாத சோம்பேறிகளுக்காக வைத்த பொத்தான் அது. என் வாழ்நாளில் அதை நான் தொட்டதில்லை.

ஜெயசீலி இரண்டாம் வரிசையில் நின்றாள். மேலே ஏறும் இடங்களில் முன்பெல்லாம் அவள் கழுத்து நரம்பு புடைத்து, கண் சுருங்கும். இப்போது அப்படி இல்லை. கடைசி பெஞ்சிலிருந்தே தெரிகிறது.

மே 20, செவ்வாய்

ஐந்து நாள்தான் இருக்கிறது. குரல் கிடைக்கவில்லை. கோளாறும் பிடிபடவில்லை. நாளை புதன். ஒரு பொறி வைக்கப் போகிறேன். கம்ப்யூட்டரைப் பதிவில் விட்டுவிட்டு, ஸ்பீக்கரையும் திரையையும் அணைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போகிறேன். நான் இல்லாதபோது மின் இரைச்சலால் தானாகச் சுரம் எழுகிறதா என்று தெரிந்துவிடும்.

மே 21, புதன்

மீன் பையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். ஜெயசீலி அறையிலிருந்து அவசரமாக வெளியே வந்து, “வெயில்ல மீனை வெளிய வைப்பாங்களா?” என்று பையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

திரையைப் போட்டேன். பச்சைக் கோடுகள். ஏராளமாக.

மின் இரைச்சல் இப்படி இருக்காது. என் மெட்டு அது. ஈ ஃப்ளாட்டில், ஒரே ஒரு விரலில். ஒரு கட்டையை அழுத்தி, அடுத்ததைத் தேடி, தவறி, திரும்பி வந்து. முதல் வரி முழுதாக. பிறகு ஒரு நீண்ட இடைவெளி, ஒன்றுமே இல்லை. பிறகு இரண்டாம் வரி. மறுபடி இடைவெளி. ஒவ்வோர் இடைவெளியும் முந்தின வரியின் நீளம் சரியாக இருந்தது. அது என்ன என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. வயரில் குரல் போவதில்லை.

மூன்றாம் வரிக்கு வந்ததும் தாவல். அது வரவில்லை போலிருக்கிறது. மறுபடி. மறுபடி. ஏழெட்டுத் தடவை. கட்டை மேல் விரல் அழுத்தம் ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வருவது திரையில் தெரிகிறது. கடைசியில் அந்தத் தாவலை விட்டுவிட்டு, ஒரு படி மட்டும் ஏறி, அங்கேயே நின்று, மெல்ல இறங்கியிருக்கிறாள்.

கேட்டேன். பாழாய்ப்போன மெட்டு, என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

பிறகு கீபோர்டில் அந்தச் சுருதிப் பொத்தானை முதல்முறையாக அழுத்தினேன். அழுத்தினால்தான் அதன் திரையில் எண் தெரியும். மைனஸ் இரண்டு.

மற்ற நாள் நான் கால்மணி நேரம் நடந்துவிட்டு வெறுங்கையோடு வருவேன். அவளுக்கு எல்லாவற்றையும் பழையபடி வைக்க நேரமிருக்கும். மீன் நாளில் என்னிடமிருந்து பையை வாங்க ஓடி வருகிற அவசரத்தில் மறந்துவிடுகிறாள். இவ்வளவுதான் கோளாறு.

சுழியத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. குழம்பு நன்றாக இருந்தது. அதை மட்டும் சொன்னேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, “ம்” என்றாள்.

மே 22, வியாழன்

ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஈ ஃப்ளாட்டில் வாசித்துப் பார்த்தேன். பொத்தான் இல்லாமல், விரலால். மூன்று கறுப்புக் கட்டைகள் குறுக்கே வருகின்றன. இடதுகை அடம்பிடிக்கிறது. பாமாலைச் சுருதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது என் சொந்தப் பாட்டு, என் சொந்த விருப்பம்.

மே 23, வெள்ளி

காலை முதல் மாலைவரை ஹெட்போனில் ஈ ஃப்ளாட். இப்போது கண்ணை மூடிக்கொண்டே வருகிறது. மூன்றாம் வரியில் தாவல் கிடையாது. ஒரு படி மட்டும்.

சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

“ஒரு பாட்டு இருக்கு. பாடணும்.”

அவள் ஒரு சட்டையை மறுபடி விரித்து மறுபடி மடித்தாள். “கேட்டுருக்கேன். சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கேன்.”

“நாளைக்கு மத்தியானம். தெரு அமைதியா இருக்கும்.”

“நான் பாடுனா எல்லாருக்கும் தெரிஞ்சிருமே அத்தான். யாரு பாட்டுன்னு தெரியக் கூடாதுன்னுல்ல நீங்க…”

“தெரியட்டும்.”

“சுருதி?” என்றாள். மிக மெதுவாக. வேறெதையும் பார்க்காமல் அந்தச் சட்டையையே பார்த்தாள்.

“அதை நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

அவள் முகம் சற்று வாடியது. என் பதில் அவளுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்லியிருக்கலாம்.

மே 24, சனி

மீன் வாங்கப் போகவில்லை.

இரண்டு மணிக்கு எல்லாம் தயார். மின்விசிறியை நிறுத்தியாயிற்று. ஜன்னலைச் சாத்தியாயிற்று. ஷெரினின் பழைய மைக்கை ஒரு சொம்புக்குள் துணி சுற்றிச் செருகி நிறுத்தியாயிற்று. ஜெயசீலி கோயிலுக்குப் போகிற சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். வியர்வை இருவருக்கும்.

“மோட்டார் ஓடுது” என்றாள்.

போய் அணைத்துவிட்டு வந்தேன். உட்கார்ந்தேன். பதிவை ஓடவிட்டேன். ஈ ஃப்ளாட்டில் முதல் கூட்டுச்சுரத்தை அழுத்தினேன்.

டி ஃப்ளாட்!

மறுபடி அழுத்தினேன். டி ஃப்ளாட்தான். என் விரல் இருக்குமிடம் எனக்குத் தெரியும். இரண்டு படி கீழே. கோளாறு திரும்பிவிட்டது, இந்த நாளில், இந்த நேரத்தில்! ஒரு விநாடி வயரைப் பிடுங்கி எறியலாம் என்று தோன்றிற்று. அதற்குள் ஜெயசீலி பாடத் தொடங்கிவிட்டாள். முதல் வரியே பாதாளத்தில். அவள் குரல் கிணற்றுக்குள் விழுந்த வாளிபோல உருண்டது. கண் அகல விழித்துக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, விடாமல் பாடுகிறாள். இரண்டாம் வரியில் குரலே காணோம், காற்று மட்டும் வந்தது.

நிறுத்தினேன்.

“ஜெயசீலி, பொத்தானை அழுத்துனியா?”

“எந்தப் பொத்தான்?”

நான் அதையே பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

“…மோட்டார் அணைக்கப் போனீங்கள்ல. அப்பம்” என்றாள். “ரெண்டு தட்டு. உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். இல்லைன்னா எனக்கு அந்த மேல போற எடம் எட்டாது அத்தான். நாளைக்குக் கடைசி நாளு, பாட்டு கெட்டுப்போயிரக் கூடாதுல்ல.”

“நான் ஏற்கெனவே ரெண்டு இறக்கிட்டேன்.”

“எப்பம்?”

“ரெண்டு நாளா.”

“பொத்தான்லயா?”

“பொத்தான்ல ஏன்? விரல்ல.”

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு, “அப்ப நாலுல்லா இறங்கிருக்கு!” என்றாள். “அதான் என் சத்தம் நம்ம கோயில்பிச்சை அண்ணாச்சி சத்தம் மாரி வந்துச்சு!”

அவர் கனத்த பேஸ் குரலில் ஆமென் சொல்வதுபோல் சொல்லிக்காட்டினாள். சொம்பு ஆடி மைக் கீழே விழுந்தது. நான் எப்போது சிரிக்கத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. அவள் சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணீர் வழியச் சிரித்தாள். நிறுத்துவாள், என் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி தொடங்குவாள்.

ஓய்ந்த பிறகு கேட்டாள்: “மூணாவது வரில ஏறணுமா?”

“வேண்டாம். நீ புதன்கிழமை வாசிச்ச மாதிரியே.”

அவள் சிரிப்பு நின்றது. கம்ப்யூட்டரைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள். “இது எல்லாத்தையும் சொல்லிருமா?”

“நீ பாடுனதைச் சொல்லாது. இடைவெளியா விட்டுரும்.”

பொத்தானைச் சுழியத்தில் வைத்தேன். வைத்ததை அவளுக்குக் காட்டினேன். ஈ ஃப்ளாட். அவள் பாடினாள். ஒரே தடவைதான். மூன்றாம் வரியில் அவள் நிற்கும் இடத்தில் என் இடதுகையும் நின்றது. கடைசி வரி முடியும்போது வெளியே ஒரு காகம் கத்தியது. அது பதிவில் இருக்கிறது. இருக்கட்டும்.

மே 25, ஞாயிறு

உறையைப் பெட்டியில் அவள்தான் போட்டாள். உள்ளே வைக்கும் சீட்டில் என் பெயரை எழுதினேன். ‘மெட்டு’ என்ற இடத்தில் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரும் எழுதினேன். அவளுக்குத் தெரியாது, உறையை ஒட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.

மே 27, செவ்வாய்

மாலையில் ஜெயசீலியின் போன் அடித்தது. கை மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். கோயில்பிச்சை அண்ணாச்சி.

“ஏம்மா ஜெயசீலி, ஏழாம் நம்பரு உன் சத்தம்தானே? மொத வரிலயே தெரிஞ்சிட்டு. கமிட்டில எல்லாரும் அதுதான்னு சொல்லிட்டாங்க. இனி சின்னக் கவரைத் திறக்கணும். அதுக்குள்ள இங்க சண்டை.”

“என்ன சண்டை அண்ணாச்சி?”

“பாட்டு யாருதுன்னு. உங்க வீட்டுக்காரருதான்னு ஐயர் சொல்லுதாரு. நான் சொன்னேன், சாரா இருக்கவே முடியாது, அவரு செத்தாலும் சுருதி இறக்க மாட்டாருன்னு. அவ்வளவு பேருக்கும் பரோட்டா வாங்கித் தாரேன்னு பந்தயம் கட்டிருக்கேன். திறக்குறதுக்கு முன்ன நீ மட்டும் எங்கிட்ட ரகசியமாச் சொல்லிரு.”

ஜெயசீலி மாவுக் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மூன்று வருடம் நான் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தெருவில் எதிரே வந்தால் செருப்பைச் சரிசெய்வேன்.

குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனேன்.

“பரோட்டாவுக்குச் சொல்லிருங்க அண்ணாச்சி.”

லைன் போய்விட்டதோ என்று ஜெயசீலி எட்டிப் பார்த்தாள்.

“சாரே” என்றார் கடைசியில். “அந்த ஆர்கன் சாவி ஐயர் மேசைலதான் கெடக்கு. ஒருத்தரும் எடுக்கல.”

“துரு பிடிச்சிருக்கும்” என்றேன்.

“எண்ணெய் போட்டு வச்சிருக்கேன்.”

எத்தனை பரோட்டா என்று கேட்டு வைத்தேன்.

மே 28, புதன்

மீன் மார்க்கெட். சாளை பெரிதாக வந்திருந்தது. மாடிப்படி ஏறும்போது உள்ளே கீபோர்டின் சத்தம், ஒரே விரலில். அதோடு அவள் குரலும். புது மெட்டு. இதுவரை நான் கேட்டதில்லை, என்னுடையதும் இல்லை.

வழக்கம்போல மணியடித்தால் பாதியில் விட்டுவிட்டுப் பையை வாங்க ஓடி வருவாள். அடிக்கவில்லை. பையிலிருந்து ஐஸ் தண்ணீர் படியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வரி முடிந்து, இடைவெளி விட்டு, அடுத்த வரி தொடங்கியது. கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.